ஆண்டாள் வழக்குப் பேசிய வேலிப்பூ

வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரம் பக்கம் உங்களுக்குத் தோப்போ வயலோ இருந்தால், இந்தப் பூவை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கிளுவையிலும் நொச்சியிலும் ஏறிப் படர்ந்து, மழை விழுந்ததும் வேலி முழுக்க நீலமாகப் பூக்கும். சங்குப்பூ என்பீர்கள். சில ஊர்களில் காக்கட்டான், காக்கணங்கொடி என்பார்கள். யாரும் விதைக்காமல் தானாக வருகிற கொடி என்பதால் அதற்குப் பெரிய மரியாதை கிடையாது. கம்பிவேலி போட ஜேசிபி வந்தால் முதலில் போவது அதுதான்.

இதன் பழைய பெயர் கருவிளை. வெள்ளைப் பூ பூப்பது செருவிளை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் பூப்பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. ஆக, இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்மோடு இருக்கிற கொடி இது. அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் வளர்ந்த ஒரு பெண் இந்தப் பூவை நேரில் நிறுத்தி, பெயர் சொல்லி அழைத்து, வழக்குப் பேசியிருக்கிறார். அவர் ஆண்டாள்.

ஆண்டாளைக் கோயிலில் கும்பிடுகிறோம். மார்கழியில் திருப்பாவை கேட்கிறோம். தோட்டக்காரர் வீட்டில் வளர்ந்த பிள்ளையாக அவரைப் பார்ப்பது குறைவு. பயிர்த் தொழிலில் இருக்கிற நாம் அப்படித்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆண்டாளின் தந்தை விஷ்ணுசித்தர். பெரியாழ்வார் என்று நாம் அறிந்தவர். வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்லும் வரலாற்றின்படி, அவர் தேர்ந்தெடுத்த தொண்டு நந்தவனம் வைப்பது. மண் வெட்டி, பாத்தி கட்டி, தண்ணீர் இறைத்து, பூப்பறித்து, மாலை கட்டி வடபத்ரசாயி பெருமாளுக்குச் சாத்துவது அவர் வேலை. மதுரையில் பாண்டியன் சபையில் வாதம் செய்து பொற்கிழி வென்றார், யானை மேல் ஊர்வலம் வந்தார் என்றெல்லாம் சொல்வார்கள். அதன் பிறகும் அவர் திரும்பி வந்தது அதே தோட்டத்துக்குத்தான். அவர் பாடியவை 473 பாசுரங்கள். அதில் கண்ணனுக்குப் பூச்சூட்ட அழைக்கும் பத்து ஒன்று உண்டு. செண்பகம், மல்லிகை, பாதிரி, செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி என்று வரிசையாக வரும். எந்தப் பூ மாலைக்கு ஆகும் என்று தினமும் கை பார்த்துப் பழகியவரின் பட்டியல் அது.

அந்த நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில், ஆடி மாதம் பூர நட்சத்திரத்தில், ஒரு பெண் குழந்தையை அவர் கண்டெடுத்தார் என்பது வரலாறு. கோதை என்று பெயரிட்டார். கோதை என்றால் பூமாலை. பூக்காரர் தன் பிள்ளைக்கு வைக்கக்கூடிய பெயர்களில் இதைவிடப் பொருத்தமானது எது? குழந்தை கிடைத்ததாகச் சொல்லப்படும் நந்தவனத்தை இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலை ஒட்டிப் பார்க்கலாம்.

எந்தக் காலம் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. திருப்பாவையில் வெள்ளி கிழக்கே எழ, வியாழன் மறைகிற விடியற்காலை ஒன்று வருகிறது. அதை வைத்துக் கணக்குப் போட்ட மு. இராகவையங்கார், அது கி.பி. 731 என்றார். 9ஆம் நூற்றாண்டு என்று சொல்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குக் குறையாது.

மாலைக் கதை உங்களுக்குத் தெரியும். பெருமாளுக்காகத் தந்தை கட்டி வைத்த மாலையைச் சிறுமி தினமும் தான் சூடி, கிணற்றுத் தண்ணீரில் அழகு பார்த்துவிட்டுக் கூடையில் திரும்ப வைப்பாள். ஒருநாள் தந்தை பார்த்துவிட்டார். பதறிப்போய் அந்த மாலையை ஒதுக்கி, புதிய மாலை கட்டினார். பெருமாள் கனவில் வந்து, கோதை சூடியதுதான் வேண்டும் என்றார். அன்று முதல் சூடிக் கொடுத்த நாச்சியார். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் இந்த வரலாற்றைத்தான் தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்ற காவியமாக எழுதினார். கதையைப் பக்தியாகக் கேட்பவர்கள் கேட்கட்டும். பூ வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் தோன்றும். விடியலில் பறித்த அரும்பை அந்தத் தந்தை எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்! தலையில் ஒருமுறை ஏறி இறங்கினாலே இதழ் கசங்கிவிடும். அவருக்கு வந்த பதற்றத்தில் தொழில்காரரின் பதற்றமும் கொஞ்சம் இருந்திருக்கும்.

ஆண்டாள் பாடியவை இரண்டு நூல்கள். திருப்பாவை 30 பாசுரம், நாச்சியார் திருமொழி 143 பாசுரம். திருப்பாவையைப் பொறுமையாகப் படித்தால் அதில் ஒரு கிராமத்தின் அதிகாலை முழுவதும் இருக்கிறது. எருமைகள் பனிப்புல் மேய அவிழ்த்து விடப்படுகின்றன. விடிவதற்கு முன் மாட்டைச் சிறிது நேரம் மேயவிடும் இந்த வழக்கத்துக்கு அவர் சொல்லும் பெயர் சிறுவீடு. வீட்டின் பின்கட்டுக் குளத்தில் செங்கழுநீர் வாய் திறக்கிறது, ஆம்பல் வாய் மூடுகிறது. ஆம்பல் இரவில் மலர்ந்து காலையில் குவிகிற இனம் என்பது தாவரவியல். பாடியவர் பின்கட்டில் நின்று பார்த்தவர் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

கன்று ஈன்ற எருமை ஒன்று வருகிறது. கன்றை நினைத்த மாத்திரத்தில் கறக்காமலேயே மடியிலிருந்து பால் வழிந்து, வீட்டு வாசல் சேறாகிறது. கறவை மாடு வைத்திருக்கும் உங்களுக்கு இது புதிதல்ல. கன்றின் நினைப்பு, சத்தம், வாசனை ஆகியவை மூளையில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்து பாலை இறக்குகின்றன. இதைக் கால்நடை மருத்துவர்கள் இன்று பாடமாகச் சொல்கிறார்கள். மாடு மிரண்டால் பால் அடங்கிப்போவதும் இதே கணக்குத்தான். மழையைப் பற்றிய பாசுரமும் அப்படியே. மேகம் கடலுக்குள் இறங்கி நீரை முகந்து, மேலேறிக் கறுத்து, மின்னி, இடித்து, பெய்கிறது. நீர் சுழற்சியை வரிசை பிசகாமல் சொல்லியிருக்கிறார். மாதம் மும்மாரி பெய்து செந்நெல் ஓங்கி வளர்ந்த வயலில் கயல்மீன் துள்ளுகிறது, குவளைப் பூவில் வண்டு உறங்குகிறது. வயலில் மீனும், ஓரத்தில் பூவும் இருந்த காலம். பூச்சிமருந்து அடித்த வயலில் இந்த இரண்டையும் தேடிப் பார்க்காதீர்கள்.

நோன்பு நாட்களில் நெய், பால் தொடமாட்டோம், கண்ணுக்கு மையிட மாட்டோம், தலையில் பூ வைக்க மாட்டோம் என்றும் அவர் சொல்கிறார். மாலை கட்டும் வீட்டுப் பெண் பூவை விட்டுக்கொடுத்து இருக்கும் நோன்பு அது. எதை விட்டால் வலிக்குமோ அதை விடுவதுதானே நோன்பு.

பூவோடு அவருக்கு இருந்த உறவின் மறுபக்கம் நாச்சியார் திருமொழியில் இருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாண வயது வந்தது. மனிதர் யாருக்கும் வாழ்க்கைப்பட மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். திருமாலைத் தவிர வேறு எண்ணம் இல்லை. தந்தைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தத் தவிப்புக் காலத்தில் பாடியதாகக் கருதப்படுவது இந்த நூல். 14 திருமொழிகள். திருமணம் நடந்ததாகக் கனவு கண்ட ஆறாவது திருமொழி இன்றும் வைணவர் வீட்டுக் கல்யாணங்களில் ஒலிக்கிறது. நாம் பார்க்க வேண்டியது அடுத்து வரும் ஒன்பதும் பத்தும்.

ஒன்பதாவது திருமொழி மதுரை அழகர்கோயில் மலையான திருமாலிருஞ்சோலையைப் பற்றியது. மழைக்காலம் தொடங்கிவிட்டது. மலையடிவாரம் முழுக்கச் சிவப்புப் பொடி தூவியதுபோல இந்திரகோபம் ஊர்கிறது. முதல் மழைக்கு மறுநாள் செம்மண்ணில் வெல்வெட் துணிபோல ஊரும் அந்தச் சிவப்புப் பூச்சிதான் இது. தம்பலப்பூச்சி என்றும் சொல்வார்கள். எட்டுக்கால் கொண்ட சிலந்தி இனம். இதன் குஞ்சுகள் மற்ற பூச்சிகளின் உடலில் ஒட்டி உறிஞ்சும். வளர்ந்தவை மண்ணிலுள்ள பூச்சி முட்டைகளைத் தின்னும். நமக்கு நல்லதையே செய்யும் உயிர். மருந்து விழாத நிலத்தில்தான் கூட்டமாக வரும்.

அந்த மழைக்காலத்தில்தான் ஆண்டாள் கருவிளையைப் பார்க்கிறார். கருவிளையும் காயாவும் திருமாலின் உடல் நிறத்தைக் காட்டுகின்றன. பார்க்கப் பார்க்க நினைவு வருகிறது. நினைவு வர வர உயிர் போகிறது. நான் பிழைக்க ஒரு வழி சொல்லுங்கள் என்று அந்தப் பூக்களிடமே கேட்கிறார். அடுத்த பாசுரத்தில் கோபம் வந்துவிடுகிறது. குயில், மயில், கருவிளை, களாப்பழம், காயாம்பூ ஆகிய ஐந்தையும் வரிசையாக நிறுத்தி, பெரும்பாவிகளே, அவன் நிறம் உங்களுக்கு எதற்கு என்று சண்டைக்குப் போகிறார். காயாவைப் பூவை என்ற பெயரில் அழைக்கிறார். பத்தாவது திருமொழியில் கோடல் என்ற வெண்காந்தள், தோன்றி என்ற செங்காந்தள், கோவைக்கொடி, முல்லை ஆகியவை வந்து நிற்கின்றன. அவற்றோடும் வழக்குத்தான்.

இங்கேதான் ஓர் உழவியல்காரனாக எனக்கு ஒன்று தட்டுப்படுகிறது. இந்தச் செடிகளை மறுபடி எண்ணிப் பாருங்கள். கருவிளை, களா, காயா, காந்தள், கோவை, முல்லை. முல்லையைத் தவிர எதுவும் நந்தவனப் பயிர் இல்லை. தந்தையின் பூச்சூட்டலில் இருப்பது பாத்தி கட்டித் தண்ணீர் விட்ட பூ. மகள் துயரத்தில் கூப்பிட்டவை பெரும்பாலும் வேலியிலும் குறுங்காட்டிலும் தானாக முளைத்தவை. இவை அனைத்தும் ஒரே மாதத்தில் பூத்துக் காய்ப்பதில்லை, பருவம் முன்பின் இருக்கும். ஆனால் அனைத்தும் ஒரே வேலியில் நிற்கக்கூடியவை. தோட்டத்துக்கு வெளியே, வேலியோரம் நின்று பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் இந்தப் பட்டியல் வரும்.

பூவில் நீலம் அரிது என்பதையும் சொல்ல வேண்டும். மஞ்சளும் வெள்ளையும் எங்கும் கிடைக்கும். இமயமலைப் பக்கம் போனால் ஐரிஸ் என்ற நீலக் காட்டுப்பூ உண்டு. குங்குமப்பூவும் அதே குடும்பம்தான். நம் சமவெளிக்கு அந்தக் குடும்பம் நீலத்தைக் கொடுக்கவில்லை. நமக்கு நீலம் காட்டியவை குளத்தில் குவளை, குன்றில் காயா, வேலியில் கருவிளை. மாலவன் நிறத்துக்கு உவமை தேடியவருக்கு வேலியே போதுமாக இருந்தது.

வாழ்க்கையின் முடிவு எல்லோரும் அறிந்தது. 108 திருப்பதிகளின் பெருமாள்களைப் பற்றியும் தந்தை எடுத்துச் சொல்ல, கோதை திருவரங்கத்து அரங்கனை மனதில் வரித்தார். அரங்கனே கனவில் உத்தரவிட, பல்லக்கில் திருவரங்கம் அழைத்துச் செல்லப்பட்டார். கருவறைக்குள் சென்று பெருமாளோடு கலந்தார் என்று குருபரம்பரை முடிக்கிறது. தந்தை தனியாக ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பினார். தனக்கிருந்த ஒரே மகளைத் திருமகள் போல வளர்த்தேன், செங்கண்மால் கொண்டு போய்விட்டான் என்ற பொருளில் அவருடைய பாசுரம் ஒன்று உண்டு. தாய் பாடுவதாக அமைந்த பாட்டு அது. ஆனாலும் அதை அந்தத் தந்தையின் துயரமாகவே கேட்பவர்கள் நம் ஊரில் நிறைய. மறுநாள் காலையிலும் அவர் தோட்டத்துக்குப் போயிருப்பார். செடி காத்திருக்காதே.

ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் ஆண்டுதோறும் திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும், சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு வரும் அழகருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போகிறது. அவர் கையிலுள்ள கிளியைத் தினமும் புதிதாக இலையாலும் பூவாலும் செய்கிறார்கள். மூக்குக்கு மாதுளம்பூ, உடலுக்கு மரவள்ளி இலை. இதில் ஒரு வேடிக்கை. மரவள்ளி தென் அமெரிக்கப் பயிர். போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான் நம் நாட்டுக்கு வந்தது. ஆக, ஆண்டாள் காலத்தில் இந்த இலை கிடையாது. வந்த பயிரையும் தெய்வத்தின் கைக்கிளியாக்கிக் கொண்டது நம் வழக்கம். அப்படி இருக்க, அவரே பெயர் சொல்லிக் கூப்பிட்ட கருவிளையை வேலியோடு பிடுங்கி எறிவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காரணம் பக்தி மட்டுமில்லை. கருவிளை பயறு வகைக் குடும்பத்துக் கொடி. பல ஆண்டு வாழும். வேர் ஆழமாக இறங்குவதால் வறட்சி தாங்கும். வேர் முடிச்சுகளில் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்தும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே உள்ள கரிசல் போன்ற கனத்த களிமண்ணிலும் வரும், மலையடிவாரத்துச் செம்மண்ணிலும் வரும். இலையில் புரதம் சுமார் 20 சதவீதம். முள் இல்லை. ஆடும் மாடும் விரும்பித் தின்னும். வயிறு உப்பும் தொல்லை தருவதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதையே மேய்ச்சல் பயிராக விதைத்து, மில்கரா என்று ஒரு ரகமும் வைத்திருக்கிறார்கள். நாமோ மூட்டை விலை கொடுத்துத் தீவனம் வாங்கி வந்து, வேலியில் இருப்பதை வெட்டிக் கொளுத்துகிறோம்.

பருத்தி போடுபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. இந்தக் கொடியில் உள்ள சிறு புரதங்கள் சில பூச்சிகளுக்கு ஆகாது. செடியின் சாற்றிலிருந்து பருத்திக்கான பூச்சிக்கட்டுப்பாட்டு மருந்து ஒன்றை ஆஸ்திரேலியாவில் தயாரித்து விற்பனைக்கும் கொண்டு வந்திருக்கிறார்கள். அதற்காக நீங்கள் வீட்டில் இலையை அரைத்துத் தெளித்தால் அதே பலன் வரும் என்று நான் சொல்லவில்லை. அளவும் தயாரிப்பு முறையும் வேறு. பூவின் நீலச்சாயம் உணவுக்கு நிறமூட்டப் பயன்படுகிறது. நீலத் தேநீர் என்று நகரத்தில் உலர்ந்த பூவை நல்ல விலைக்கு விற்கிறார்கள். எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் நீலம் ஊதாவாக மாறும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஆண்டாளின் மற்றச் செடிகளும் சும்மா நிற்பவை அல்ல. களா, முள்வேலிக்கு முள்வேலி, ஊறுகாய்க்குக் காய். காயா இலையில் அலுமினியம் அதிகம். அதனால்தான் பாய் நெய்பவர்கள் சாயம் பிடிக்க அதைப் பயன்படுத்தினார்கள். கோவை காய்கறி. ஆனால் பக்கத்தில் பாகலோ புடலோ போட்டிருந்தால் கோவையைக் கவனித்து வையுங்கள். பழ ஈ அதில் தங்கிப் பெருகும். செங்காந்தள் நம் மாநில மலர். கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காக வயலிலேயே பயிரிடுகிறார்கள். கிழங்கிலும் விதையிலும் கொல்கிசின் என்ற கடும் நஞ்சு உண்டு. மாடு கட்டும் பக்கம் அது வேண்டாம்.

கான்சாபுரம், கூமாபட்டி மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்குப் பயந்து கம்பியும் சூரிய மின்வேலியும் போடுகிறீர்கள். போட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரே இரவில் ஒரு வயல் போவதைப் பார்த்தவர்களிடம் பூவைப் பற்றிப் பேச முடியுமா? ஆனால் தெருவை ஒட்டிய பக்கம், அண்டைத் தோப்புக்காரரோடு பகிரும் பக்கம், வாய்க்கால் கரை ஆகிய இடங்களில் கம்பியை விட உயிர்வேலி மலிவு. சாதாரணக் கம்பிவேலியிலேயே கருவிளையை ஏற்றியும் விடலாம். மின்வேலியில் மட்டும் கொடி படக்கூடாது. மின்சாரம் மண்ணுக்குக் கசிந்து வேலி செயலிழக்கும். பூத்த வேலியில் தேனீ, பொறிவண்டு, ஒட்டுண்ணிக் குளவி, சிலந்தி ஆகியவை தங்கும். இவை உங்கள் பயிருக்குக் காவல்.

வளர்ப்பது சுலபம். காய் பழுப்பாகிக் காய்ந்ததும் வெடித்துச் சிதறும், அதற்கு முன் காலை ஈரத்தில் பறித்துவிடுங்கள். விதைத்தோல் கெட்டியானது. அப்படியே போட்டால் பாதி முளைக்காது. மணலோடு சேர்த்துத் தேய்த்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் ஊன்றுங்கள். தட்டைப்பயறுக்குப் போடும் ரைசோபியம் இருந்தால் கலந்துகொள்ளலாம். ஒரு விரற்கடை ஆழம் போதும். வேலியோரம் 3 அடிக்கு ஒரு குழி, குழிக்கு 2 விதை. வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய புரட்டாசி நல்ல மாதம். முதல் இரண்டு மாதம் ஆடு வாய்வைக்காமல் பார்த்துக்கொண்டால், பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும். பயிருக்குள் ஏறினால் வெட்டிக் கன்றுக்குப் போடுங்கள். விதை முற்றிய காயை மட்டும் அளவுக்கு மிஞ்சிப் போட வேண்டாம், கழிச்சல் வரும்.